தாய்லாந்தில் வேலை, ஊரில் குடும்பம்: எல்லை மூடினாலும் திரும்பி வருவதற்கான காகித வரிசை

2020 மார்ச் முதல் வாரத்தில் பத்து நாள் லீவில் மதுரைக்குப் போனேன். பாங்காக்குக்குத் திரும்பியது டிசம்பரில். என்னோடு அதே வாரம் ஊருக்குப் போன அலுவலக நண்பர் ஒருவர் திரும்பவே முடியாமல் விசாவிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி தொடங்கினார். இரண்டு பேருக்கும் ஒரே கம்பெனி, ஒரே மாதிரி விசா. என் தங்கும் அனுமதி 2021 பிப்ரவரி வரை இருந்தது, அவருடையது 2020 ஜூலையில் முடிந்துவிட்டது. வித்தியாசம் அவ்வளவுதான்.

இன்று தாய்லாந்துக்குள் நுழையத் தடுப்பூசிச் சான்றும் வேண்டாம், பரிசோதனையும் வேண்டாம். 'தாய்லாந்து பாஸ்' என்ற கோவிட் கால முன்பதிவு முறையை 2022 ஜூலை 1-இல் எடுத்துவிட்டார்கள். ஆனால் அன்றைக்கு மாட்டிக்கொண்டவர்கள் செய்த தவறுகளை இப்போது புதிதாக வருகிறவர்களும் அப்படியே செய்கிறார்கள். எல்லை திறந்திருப்பதால் அடி விழுவதில்லை. எனவே 1 முதல் 4 வரை எப்போதும் செய்ய வேண்டியவை. 5 முதல் 9 வரை மறுபடி கதவு பாதி சாத்தப்பட்டால் செய்ய வேண்டியவை. கடைசியில் இப்போதைய நடைமுறை.

1. எந்தக் காகிதம் எதன் மேல் நிற்கிறது என்று பாருங்கள்

வேலைக்கான நான்-இமிக்ரன்ட் பி விசாவில் உள்ளே வந்தால் 90 நாள் கிடைக்கும். அப்புறம் ஒர்க் பெர்மிட், அதை வைத்து இமிக்ரேஷனில் தங்கும் அனுமதி நீட்டிப்பு. வழக்கமாக ஒரு வருடம் தருவார்கள், கட்டணம் 1,900 பாட். புதியவர்கள் இந்த நீட்டிப்பைத்தான் 'விசா' என்று சொல்கிறார்கள். முதல் குழப்பம் அதில்தான். விசா உள்ளே வந்த நாளோடு வேலை முடித்துவிட்டது. நீங்கள் இங்கே இருப்பது நீட்டிப்பு முத்திரையின் பேரில்.

இவை ஒன்றின் மேல் ஒன்று அடுக்கியவை. பாஸ்போர்ட் முடியும் தேதியைத் தாண்டி நீட்டிப்பு தரமாட்டார்கள். நீட்டிப்பு முடியும் தேதியைத் தாண்டி ரீ-என்ட்ரி பெர்மிட் (வெளியே போய்த் திரும்பி வருவதற்கான அனுமதி) செல்லாது. பாஸ்போர்ட்டில் எட்டு மாதம்தான் பாக்கி என்றால் மேலே இருக்கும் எல்லாமே எட்டு மாதத்துக்குள் சுருங்கிவிடும். ஆகவே தொடங்க வேண்டிய இடம் பாஸ்போர்ட். 18 மாதத்துக்குக் குறைவாக இருந்தால் நீட்டிப்புக்குப் போகும் முன்பே புதுப்பித்துவிடுங்கள். புதியது வந்ததும் பழையதில் உள்ள முத்திரைகளைப் புதியதற்கு மாற்றித் தரும்படி இமிக்ரேஷனில் கேளுங்கள். அதுவரை இரண்டையும் சேர்த்தே வைத்திருங்கள்.

குடும்பத்தோடு வந்தவர்களுக்கு ஒன்று. மனைவி அல்லது கணவர், குழந்தைகள் எல்லோருடைய நீட்டிப்பும் வேலை பார்ப்பவருடையதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. வேலை போனால் அன்றோடு உங்கள் நீட்டிப்பு முடிகிறது, அவர்களுடையதும் முடிகிறது. கேட்டால் 7 நாள் அவகாசம் கிடைக்கும். ராஜினாமாக் கடிதத்தில் தேதி போடும் முன் இதை யோசியுங்கள்.

2. பெயரை ஒரே மாதிரி ஆக்குங்கள்

தமிழர்களுக்கு மட்டும் தனியாக எழுத வேண்டிய பகுதி இது. நமக்கு இனிஷியல் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சர்நேமாக விரிந்து நிற்கும், ஆதாரில் ஒற்றை எழுத்தாக இருக்கும், கல்விச் சான்றிதழில் அந்த எழுத்து பெயருக்கு முன்னால் வரும். சிலருக்குப் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டமே காலி. ஊரில் இதையெல்லாம் யாரும் கண்டுகொள்ளமாட்டார்கள். விமான நிலையக் கவுண்டரில் இருப்பவருக்கு இவர்கள் மூன்று வெவ்வேறு ஆட்கள்.

எனக்கே நடந்தது. பரிசோதனை எடுத்த லேபில் ஆதாரைப் பார்த்து இனிஷியலோடு ரிப்போர்ட் அடித்துவிட்டார்கள். நானும் 'நெகட்டிவ்' என்ற வார்த்தையை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிட்டேன். செக்-இன் கவுண்டரில் நாற்பது நிமிடம் நின்று, லேபுக்குப் போன் போட்டு, திருத்திய ரிப்போர்ட் போனில் வந்த பிறகுதான் போர்டிங் பாஸ் கிடைத்தது. லேபில் போனை எடுக்க ஆள் இருந்தது என் அதிர்ஷ்டம்.

எனவே எங்கே பெயர் கேட்டாலும் பாஸ்போர்ட்டைக் கொடுங்கள், ஆதாரைக் கொடுக்காதீர்கள். டிக்கெட், காப்பீடு, தடுப்பூசிச் சான்று, ஓட்டல் பதிவு எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துகள், அதே வரிசையில். கோவின் சான்றில் பாஸ்போர்ட் எண்ணும் முழுப் பிறந்த தேதியும் இல்லாமல் பலர் தடுமாறினார்கள். பிறகு அதற்கென்றே பயணச் சான்று வந்தது.

இன்னொரு பக்கமும் உண்டு. ஒர்க் பெர்மிட்டில் உங்கள் பெயரைத் தாய் எழுத்திலும் எழுதுவார்கள். 'ழ'வும் 'ஞா'வும் அங்கே என்ன பாடுபடும் என்று சொல்ல வேண்டியதில்லை. எப்படி எழுதினாலும் சரி, அதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு வங்கி, சமூகப் பாதுகாப்பு, மருத்துவமனை என்று எல்லா இடத்திலும் அதையே காட்டுங்கள். ஒவ்வொரு கவுண்டரிலும் புதிதாகக் காதால் கேட்டு எழுதவிட்டால் வருடக் கடைசியில் நான்கு பெயர் சேர்ந்துவிடும்.

தேதியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தாய் ஆவணங்களில் புத்த ஆண்டு, நம் கணக்கோடு 543 கூட்ட வேண்டும். 2021 அங்கே 2564. சில இடங்களில் சுருக்கி '64' என்று மட்டும் போடுவார்கள். தடுப்பூசி போட்ட வருடம் 64 என்று இருந்தால், வெளிநாட்டில் அதைப் பார்ப்பவர் 1964 என்று நினைப்பார். வெளியே காட்ட வேண்டிய எதையும் ஆங்கில ஆண்டோடு வாங்குங்கள்.

3. முகவரிப் பதிவும் 90 நாள் அறிவிப்பும்

இரண்டும் வேறு வேறு. டிஎம் 30 என்பது நீங்கள் தங்கியிருப்பதை வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் தெரிவிப்பது. டிஎம் 47 என்பது தொடர்ந்து 90 நாள் நாட்டுக்குள் இருந்தால் நீங்கள் தெரிவிப்பது. கெடு நாளுக்கு 15 நாள் முன்பிலிருந்து 7 நாள் பின்பு வரை செய்யலாம். தவறினால் 2,000 பாட் அபராதம்.

வரிசை முக்கியம். டிஎம் 30 ரசீது இல்லாமல் நீட்டிப்புக்குப் போனால் பல அலுவலகங்களில் கவுண்டரிலேயே திருப்பி அனுப்புவார்கள். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் "டிஎம் 30 நீங்களே போடுவீர்களா?" என்று காண்டோ உரிமையாளரிடம் கேளுங்கள். முழிப்பவர் வீட்டை எடுக்காதீர்கள், நீச்சல் குளம் எவ்வளவு அழகாக இருந்தாலும்.

வெளிநாடு போய்விட்டு அதே வீட்டுக்குத் திரும்பினால் மறுபடி டிஎம் 30 போட வேண்டியதில்லை என்று 2020-இல் விதியைத் தளர்த்தினார்கள். ஆனாலும் கேட்கும் அலுவலகங்கள் உண்டு, போட்டுவிடுவது நல்லது. 90 நாள் கணக்கு கடைசியாக உள்ளே வந்த தேதியிலிருந்து புதிதாகத் தொடங்கும்.

4. டிக்கெட் எடுத்த அன்றே ரீ-என்ட்ரி பெர்மிட்

இந்த ஒன்றுக்காகவே இந்தக் கட்டுரையை எழுதலாம். நீட்டிப்பில் இருப்பவர் ரீ-என்ட்ரி பெர்மிட் இல்லாமல் எல்லையைத் தாண்டினால் நீட்டிப்பு அந்த நிமிடமே செத்துவிடும். திரும்பி வரும்போது அதிகாரி எதுவும் சொல்லமாட்டார், சுற்றுலா வந்தவர்போல ஒரு முத்திரையைக் குத்தி அனுப்பிவிடுவார். இரண்டு வாரம் கழித்து மனிதவளப் பிரிவில் யாராவது பார்க்கும்போதுதான் விஷயம் தெரியும். அப்போது அந்த முத்திரையை வைத்துக்கொண்டு வேலை பார்க்கவும் முடியாது.

படிவம் டிஎம் 8. ஒரு முறைக்கு 1,000 பாட், பல முறைக்கு 3,800. வருடத்தில் நான்கு முறை வெளியே போவீர்கள் என்றால் இரண்டாவது லாபம். சுவர்ணபூமி விமான நிலையத்திலும் புறப்படும் முன் வாங்கலாம். ஆனால் அதை நம்பிப் போகாதீர்கள். வரிசை நீளமாக இருக்கும் நாளில் பெர்மிட்டா விமானமா என்று ஆகிவிடும்.

குழந்தைக்கும் தனிப் பெர்மிட். அப்பா அம்மா வாங்கிவிட்டு ஆறு மாதக் குழந்தைக்கு மறந்த குடும்பங்களை இதுவரை மூன்று பார்த்துவிட்டேன்.

அடுத்தது தேதி. ஊருக்குப் போகும் நாளில் உங்கள் நீட்டிப்பில் 3 மாதத்துக்குக் குறைவாக இருந்தால் பயணத்தைத் தள்ளிவையுங்கள், அல்லது நீட்டித்துவிட்டுப் போங்கள். முடிவதற்கு 30 நாள் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டில் இருந்துகொண்டு நீட்டிக்க வழியே இல்லை. 2020-இல் நாட்டுக்குள் இருந்த வெளிநாட்டினருக்கு மார்ச் 26 முதல் செப்டம்பர் 26 வரை தானாகவே அவகாசம் கொடுத்தார்கள். வெளியே மாட்டியவர்களுக்கு அந்தச் சலுகை உதவவில்லை. என் நண்பர் விழுந்தது இந்த ஓட்டையில்தான்.

சொன்னாற்போல, சித்திரைக்கு ஊர் போகிறவர்கள் கவனம். ஏப்ரல் 13 முதல் 15 வரை இங்கே சொங்க்ரான், அலுவலகங்கள் மூடியிருக்கும். நமக்கும் அவர்களுக்கும் ஒரே நேரத்தில் புத்தாண்டு என்பதால் முந்தைய வாரம் இமிக்ரேஷனில் கூட்டம் தாங்காது. மார்ச் கடைசியிலேயே முடித்துவிடுங்கள்.

5. கட்டுப்பாடு வந்தால்: அனுமதி முதலில், டிக்கெட் பிறகு

2020 ஏப்ரல் தொடக்கத்தில் தாய்லாந்து பயணிகள் விமானங்களை நிறுத்தியது. ஒர்க் பெர்மிட் உள்ளவர்களுக்குக் கதவு மெல்லத் திறந்தபோது வந்த முறைக்குப் பெயர் சிஓஇ, நுழைவுச் சான்று. தூதரகம் தருவது. இதில் இரண்டு கட்டம் இருந்தது. முதலில் பாஸ்போர்ட், ரீ-என்ட்ரி முத்திரை, ஒர்க் பெர்மிட், காப்பீட்டுக் கடிதம் ஆகியவற்றை ஏற்றி முன்-ஒப்புதல் வாங்க வேண்டும். ஒப்புதல் வந்ததும் 15 நாளுக்குள் டிக்கெட்டையும் தனிமை ஓட்டல் உறுதிச் சீட்டையும் ஏற்ற வேண்டும். அதன் பிறகே சான்று.

பெரும்பாலோர் தலைகீழாகச் செய்தார்கள். விமானம் கிடைத்ததும் பதறி டிக்கெட் எடுத்து, ஓட்டலுக்கும் முழுப் பணம் கட்டி, அதற்கப்புறம் விண்ணப்பித்தார்கள். காப்பீட்டுக் கடிதத்தில் ஒரு வரி சரியில்லை என்று திரும்பி வரும், விமானம் போய்விடும், பணமும் போகும். முன்-ஒப்புதல் கட்டம் இருந்ததே அதைத் தவிர்க்கத்தான். எந்த நாட்டில் எந்தப் பெயரில் இப்படி ஒரு முறை வந்தாலும், எந்த ஆவணத்தை முதலில் கேட்கிறார்கள் என்று பாருங்கள். பணம் கட்ட வேண்டியது கடைசியில்தான் வரும்.

ரத்து செய்தால் பணமாகத் திரும்புமா, தேதி மாற்ற மட்டும் விடுவார்களா என்று ஓட்டலிடம் மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். போனில் சொன்னது கணக்கில் வராது.

6. காப்பீட்டுக் கடிதத்தில் தொகை எழுதியிருக்க வேண்டும்

சிஓஇ காலத்தில் கேட்டது 1,00,000 அமெரிக்க டாலருக்கான காப்பீடு. 2021 நவம்பரில் தாய்லாந்து பாஸ் வந்தபோது 50,000. அப்புறம் 20,000, பிறகு 10,000 என்று இறங்கியது. கம்பெனிக் குழுக் காப்பீடு இருந்தவர்கள் அட்டையை ஸ்கேன் செய்து ஏற்றினார்கள், திரும்பி வந்தது. சரிபார்ப்பவர் தேடுவது நான்கு விஷயங்களைத்தான்: உங்கள் பெயர், தேதிகள், கோவிட் என்ற சொல், தொகை. இந்த நான்கும் ஒரே பக்கத்தில் வருகிற மாதிரி மனிதவளப் பிரிவிடமிருந்து ஆங்கிலத்தில் கடிதம் வாங்குங்கள்.

கடிதம் எல்லையைத் தாண்டத்தான். பணம் கிடைக்குமா என்பது வேறு கேள்வி. அன்றைய விதிப்படி அறிகுறியே இல்லாமல் பாசிட்டிவ் வந்தாலும் மருத்துவமனையிலோ, 'ஹாஸ்பிடெல்' என்று மாற்றப்பட்ட ஓட்டலிலோ கிடக்க வேண்டும். "மருத்துவ அவசியம் இல்லை" என்று சில பாலிசிகள் அந்தச் செலவைக் கொடுக்கவில்லை. அறிகுறி இல்லாத சேர்க்கைக்கும் பணம் உண்டா என்று வாங்கும் முன் கேளுங்கள்.

உள்ளூரில் விற்ற மலிவு கோவிட் பாலிசிகளின் கதையும் தெரிந்திருக்கட்டும். 'ஜெர், ஜாய், ஜோப்' என்பார்கள், வந்தால் கொடுப்போம், முடிந்தது என்று பொருள். பாசிட்டிவ் என்றாலே மொத்தமாக ஒரு தொகை. 2021-இல் தொற்று ஏறியதும் கொடுக்க முடியாமல் சில காப்பீட்டு நிறுவனங்கள் உரிமத்தையே இழந்தன.

7. பரிசோதனை நேரத்தைப் பின்னோக்கி எண்ணுங்கள்

கேட்டது புறப்படும் நேரத்துக்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்டி-பிசிஆர். விமானம் ஞாயிறு இரவு 11 மணி என்றால் வியாழன் இரவு 11-க்கு முன் எடுத்தது செல்லாது. வெள்ளி மதியம் எடுத்தால் சனி மாலைக்குள் ரிப்போர்ட் வரும். தப்பு இருந்தால் திருத்த ஒரு நாள் கையில் இருக்கும். சனிக்கிழமை எடுத்துவிட்டு ஞாயிறு மதியம் வரை நகம் கடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ரிப்போர்ட் கையில் வந்ததும் மாதிரி எடுத்த நேரம் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். சில லேப்கள் ரிப்போர்ட் தந்த நேரத்தை மட்டும் போடும்.

வழியில் வேறு நாட்டில் விமானம் மாறுவதென்றால் அந்த நாட்டு விதியும் சேர்ந்துகொள்ளும். ஒரே டிக்கெட்டாக எடுங்கள். தனித்தனி டிக்கெட் என்றால் நடுவில் பெட்டியை எடுக்க அந்த நாட்டுக்குள் நுழைய வேண்டி வரும், அதற்கு அனுமதி இருக்காது.

8. தனிமை அறைக்கு என்ன எடுத்துப் போவது

அன்றைக்குத் தனிமை 14 நாள் என்று சொன்னார்கள், ஓட்டல் கணக்கில் அது 15 இரவு. இதை எண்ணாமல் பதிவு செய்தவர்களின் விண்ணப்பம் திரும்பியது.

திறக்கிற ஜன்னல் அல்லது பால்கனி உள்ள அறை எடுங்கள், விலை கொஞ்சம் கூடினாலும். இரண்டு வாரம் ஏசிக் காற்றிலேயே கிடப்பது தொண்டைக்கு ஆகாது. தொண்டை கரகரத்தால் ஒவ்வொரு முறையும் வயிற்றைக் கலக்கும், கோவிடோ என்று.

சைவம் சாப்பிடுகிறவர்கள் பதிவு செய்யும்போதே எழுதுங்கள். 'மங்சவிரத்' என்றால் இறைச்சி இல்லை, ஆனால் முட்டை வரலாம். மீன் சாஸ் எதில் கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது. 'ஜே' என்றால் முட்டை, பால், வெங்காயம், பூண்டு எதுவும் இல்லாத கோயில் சாப்பாடு மாதிரி. நான் 'ஜே' என்று எழுதிக் கொடுத்து பதினான்கு நாள் டோஃபு சாப்பிட்டேன். ஊறுகாய் பாட்டிலும் இட்லிப் பொடியும்தான் காப்பாற்றின.

தினசரி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஒரு மாதத்துக்கானதை மருந்துச் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். சில தூக்க மாத்திரைகளும் வலி மாத்திரைகளும் இங்கே கட்டுப்பாட்டில் உள்ளவை, சீட்டு இல்லாவிட்டால் சிக்கல்.

9. நடுவில் விதி மாறினால்

மாறும். 2021 மே மாதம் இந்தியாவிலிருந்து வரும் வெளிநாட்டினருக்கு சிஓஇ தருவதை நிறுத்தினார்கள். 2021 நவம்பரில் ஒரே இரவுத் தனிமையோடு 'டெஸ்ட் அண்ட் கோ' வந்தது. டிசம்பர் 22-இல் ஒமிக்ரான் பயத்தில் புதுப் பதிவை நிறுத்தினார்கள். பிப்ரவரியில் மறுபடி திறந்தார்கள், இந்த முறை இரண்டு பரிசோதனை.

டிசம்பரில் நடந்ததைக் கவனியுங்கள். ஏற்கெனவே கையில் அனுமதி வாங்கியிருந்தவர்களை உள்ளே விட்டார்கள், விண்ணப்பிக்க நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்குக் கதவு சாத்தப்பட்டது. முடிவு செய்துவிட்டால் அன்றே விண்ணப்பியுங்கள். "விதி இன்னும் தளரும், அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று காத்திருந்தவர்களில் லாபம் பார்த்தவர்கள் குறைவு.

திரும்பும் பக்கத்தையும் பாருங்கள். 2023 ஜனவரியில் தாய்லாந்தில் கட்டுப்பாடே இல்லாதபோது, தாய்லாந்து உள்ளிட்ட ஆறு இடங்களிலிருந்து வருகிறவர்களுக்கு இந்தியா ஆர்டி-பிசிஆர் கேட்டது. பொங்கலுக்குக் கிளம்பியவர்கள் சுவர்ணபூமியில் லேப் தேடி ஓடினார்கள்.

ஊருக்குள் இருக்கும் விதிகளும் தனி. 2021 ஜூலை 12 முதல் பாங்காக்கில் இரவு 9 முதல் காலை 4 வரை ஊரடங்கு, வெளியே வந்தால் முகக்கவசம் கட்டாயம். அந்த ஏப்ரலில் பிரதமர் பிரயுத்துக்கே முகக்கவசம் போடாததற்கு 6,000 பாட் அபராதம் போட்டார்கள், ஆகவே "நான் வெளிநாட்டவர், தெரியாது" என்பது எடுபடாது. தடுப்பூசிக்கு வெளிநாட்டினர் பதிவு செய்தபோது பாஸ்போர்ட் எண்தான் அடையாளம். நடுவில் பாஸ்போர்ட் மாற்றியவர்கள் பழைய எண்ணையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய பதிவைத் தேடும்போது முதலில் கேட்பது அதைத்தான்.

10. இன்று உள்ளே வர

2025 மே 1 முதல் வெளிநாட்டினர் எல்லோரும் டிடிஏசி எனும் டிஜிட்டல் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். ஒர்க் பெர்மிட் இருந்தாலும் விதிவிலக்கு இல்லை. வந்து சேருவதற்கு முந்தைய 3 நாளுக்குள் நிரப்பலாம். இலவசம். பணம் கேட்கும் தளங்கள் முதலில் வந்து நிற்கும், தேடுபொறியில் விளம்பரம் போட்டுத்தான் வருகின்றன. முகவரி 'ஜிஓ டாட் டிஹெச்' என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டு நிரப்புங்கள். இங்கேயும் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி.

கவுண்டரில் பாஸ்போர்ட்டைக் கொடுக்கும்போது ரீ-என்ட்ரி பெர்மிட் இருக்கும் பக்கத்தைத் திறந்து கொடுங்கள். முத்திரை குத்தித் தந்ததும் அங்கேயே நின்று தேதியைப் பாருங்கள். பழைய நீட்டிப்பு முடியும் தேதி அதில் இருக்க வேண்டும். வேறு தேதி இருந்தால் அந்த அதிகாரியிடமே உடனே சொல்லுங்கள், ஒரு நிமிடத்தில் திருத்திவிடுவார். பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டால் அதே திருத்தத்துக்கு சேங் வத்தனா இமிக்ரேஷன் அலுவலகத்தில் ஒரு நாள் போய்விடும்.